எழும்பு, சதை, தோள்

ஆனையடிப்பட்டி பள்ளிக்கூடத்து எலும்புக்கூடு எழுந்து உட்கார்ந்ததற்குக் காரணம் ழகரம்தான் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் இன்றுவரை சந்தேகம் கிடையாது. வேறு ஊராக இருந்தால் பேய் என்றிருப்பார்கள், செய்வினை என்றிருப்பார்கள், பேப்பர்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆனையடிப்பட்டிக்காரர்கள் நடந்ததை நடந்தபடி விசாரித்து, தப்பு உச்சரிப்பில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, பிள்ளைகள் இனிமேல் வாயைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ழகரத்தின் கதை இதுதான். அதற்கு முந்திய மாதம் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் ஐந்தாம் வகுப்பில் நுழைந்து, முன்வரிசைப் பையன் ஒருவனை எழுப்பி வாழைப்பழம் என்று சொல்லச் சொன்னார். அவன் வாளப்பளம் என்றான். பக்கத்துப் பிள்ளையைக் கேட்டார், அதுவும் வாளப்பளம்தான். வகுப்பு மொத்தத்தையும் கேட்டார், ஒரு தாறு வாளப்பளம் வந்து விழுந்தது. அதிகாரி தலைமையாசிரியர் தவசிமுத்துவைத் திரும்பிப் பார்த்து, "உங்க ஊர்ல ழ செத்துப்போச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். தவசிமுத்து அந்தக் கேள்வியை மென்று விழுங்கி, செரிக்காமல், ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ரூபவதியின் தலையில் கொண்டுவந்து இறக்கினார்.

ரூபவதி ஒரு வேலையைப் பிடித்தால் விடமாட்டாள். காலையில் வணக்கம் பாடுவதற்கு முன் ழ, மத்தியானம் சோற்றில் கை வைப்பதற்கு முன் ழ, வீட்டுக்கு மணி அடித்த பிறகும் வாசலில் நிறுத்தி வைத்து ஒரு ழ. நாக்கை மடி, மேலே கொண்டு போ, அண்ணத்தைத் தொடாமல் நிறுத்து, இப்போது சொல். பிள்ளைகள் நாக்கை மடித்தார்கள். மடித்த நாக்கை நிமிர்த்தும் வித்தையை யாரும் சொல்லிக் கொடுக்காததால் அப்படியே வைத்துக்கொண்டார்கள். புளி புழியாயிற்று, பள்ளிக்கூடம் பழ்ழிக்கூடமாயிற்று, வீட்டில் போய் அம்மாவிடம் இரண்டு இட்ழி கேட்டார்கள். ரூபவதி சந்தோஷப்பட்டாள், அந்த எழுத்தின் மேல் அவளுக்குத் தனிப் பிரியம் இருந்தது. அவள் புருஷன் பெயர் தங்கப்பழம். புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவள் வளர்ந்த வீட்டில் இல்லை என்பதால், அந்தப் பெயரில் இருக்கிற இந்த எழுத்தையாவது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கப்பழம் போர்வெல் லாரியில் வடக்கே போனவன். கொஞ்ச காலம் போன் வந்தது, பிறகு போன் அணைந்து கிடந்தது, பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ வேறு பாஷையில் பேசினார்கள். லாரிக்காரர்களைக் கேட்டால் அவன் பாதியிலேயே இறங்கிவிட்டான் என்றார்கள், எங்கே என்று கேட்டால் கையை விரித்தார்கள். செத்துப்போனான் என்றால் அழுது முடித்திருப்பாள். விட்டுப் போனான் என்றால் திட்டி முடித்திருப்பாள். இரண்டும் இல்லாததால் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் குங்குமச் சிமிழைத் திறப்பாள், விரல் நெற்றிக்குப் போவதா வேண்டாமா என்று ஒரு கணம் நடுவில் நிற்கும். அந்த ஒரு கணம்தான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. என்ன ஆனான் என்று தெரிந்தால் போதும், அவன் திரும்பி வரக்கூட வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்வாள். அது பொய். அவன் வர வேண்டும் என்றுதான் அவள் எல்லாச் சாமியையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நிலையில்தான் அறிவியல் புத்தகத்தில் 'நமது உடல்' பாடம் வந்தது. முன்பு எப்போதோ மூடப்பட்ட ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் சாமான்களைப் பங்கு வைத்தபோது ஆனையடிப்பட்டிக்கு ஒரு எலும்புக்கூடு வந்திருந்தது. பிளாஸ்டிக் இல்லை, அசல். மாட்டி நிறுத்தும் இரும்புக் கம்பி வேறு ஊருக்குப் போய்விட்டதால் இது மரப்பெட்டியில் மல்லாந்து படுத்தே கிடந்தது. ரூபவதி பெட்டியை வகுப்பு நடுவில் வைத்துத் திறந்து, இது மண்டையோடு, மூளையைக் காப்பாற்றுகிறது, இது விலாக்கூடு, நெஞ்சைக் காப்பாற்றுகிறது, வீட்டுக்குத் தூணும் உத்தரமும் எப்படியோ அப்படி நம் உடம்புக்கு இது, எங்கே எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள், எலும்பு என்றாள். பிள்ளைகள் பழக்கப்படி நாக்கை மடித்தார்கள். எழும்பு, என்றார்கள். சத்தமாக, என்றாள் அவள், கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே. எழும்பு, எழும்பு, எழும்பு என்று வகுப்பு முழுக்கச் சொல்லிற்று. அந்தப் பக்கத்தில் விடிந்தும் தூங்குகிற பிள்ளையின் முதுகில் தட்டி அம்மாக்கள் சொல்கிற சொல் அது. அதைக் கேட்டுவிட்டுப் படுத்துக் கிடக்க முடியுமா? பெட்டிக்குள் கிடந்தது முதலில் ஒரு முழங்கையை ஊன்றியது, பிறகு மற்றதை ஊன்றியது, பிறகு எழுந்து உட்கார்ந்தது.

"டீச்சர்," என்றாள் முதல் வரிசை இசக்கிச்செல்வி, யாரோ தாமதமாக வந்த பையனைக் காட்டிக்கொடுக்கிற குரலில், "எந்திச்சிட்டான்."

எந்திச்சிட்டான் என்று அந்தப் பிள்ளை சொன்னதால் அதற்குப் பிறகு எல்லாருமே அவன், இவன், வந்தான், போனான் என்றுதான் பேசினார்கள். பாடப் புத்தகத்துப் படமும் ஆண் படம்தான். அதைப் பற்றி யாரும் இரண்டாவது முறை யோசிக்கவில்லை.

தவசிமுத்து வந்து பார்த்தார். பயப்படுவதற்கு அவருக்கு நேரமில்லை. பள்ளிக்கூடத்தில் கூடுதலாக ஓர் ஆள் இருந்தால் வருகிற சங்கடங்களெல்லாம் அவர் கண்முன்னால் வந்து நின்றன. சத்துணவு சமைக்கும் பேச்சித்தாய் கரண்டியோடு வாசலில் நின்று, "சாப்பாடு போடணுமா வேண்டாமா, அதச் சொல்லுங்க சார், முட்ட எண்ணி வச்சிருக்கு," என்றாள். போட்டுப் பார்த்தார்கள். சோறு விலா வழியாக இறங்கிப் பலகையில் விழுந்தது, காக்கைக்கு ஆயிற்று. அவனைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எழும்பு என்றால் எழும்புவான், ஆனால் எழும்பி நிற்க முடியாமல் ஆடுவான், ஒரு அடி வைத்தால் முட்டி ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமுமாகக் கழன்று விழுவான். பிள்ளைகள் பொறுக்கி எடுத்து, பழைய சைக்கிள் டியூபை வெட்டி மூட்டுக்கு மூட்டு கட்டிவிட்டார்கள். வெறும் தூணும் உத்தரமும் வீடாகாது, இழுத்துப் பிடிக்க ஏதாவது வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புக்கு அன்றைக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது.

அடுத்த பாடம் தசை. இதற்குள் ரூபவதிக்கு விஷயம் பிடிபட்டிருந்தது: இந்த வகுப்பு கூட்டாகச் சொல்வதை அவன் உடம்பு கேட்கிறது. அதனால் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். ழ இல்லாத சொல், பயமில்லை என்று நினைத்தாள். பிள்ளைகளுக்குத் தசை என்றொரு சொல் வீட்டில் கிடையாது, அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கறிக்கடையில் கேட்டு வாங்கும் சதைதான். அவள் தசை என்றாள், அவர்கள் சதை என்றார்கள். இரண்டு எழுத்தும் சரியாக இருந்ததால், இடம் மாறிக் கிடந்தது அவள் காதில் விழவில்லை. மறுநாள் பள்ளியைத் திறந்தால் கடைசிப் பெஞ்சு நிறைய அவன் பொங்கி வழிந்துகொண்டிருந்தான். சதையென்றால் சதை. கன்னத்தில், கையில், வயிற்றில், கணுக்காலில், எங்கே பார்த்தாலும் மூட்டை மூட்டையாகத் தொங்கியது, ஒரு விரலை அசைக்கத் திராணியில்லை. தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டு தன் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவன்மேல் போர்த்தி, மரியாதையைக் காப்பாற்றினார்.

"சதை தொங்கும், தசை இழுக்கும்," என்றாள் ரூபவதி, வகுப்பைப் பார்த்து. தன் முழங்கையை மடக்கிக் காட்டினாள். மேலே இருக்கிற தசை சுருங்கி இழுத்தால் கை மடங்கும், கீழே இருக்கிறது சுருங்கி இழுத்தால் கை நீளும், ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும், எந்தத் தசைக்கும் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் தசை தசை தசை என்று சொல்லச் சொல்ல, தொங்கிய சதை முறுக்கிக்கொண்டு கயிறு கயிறாகத் திரண்டு எலும்பில் ஒட்டிக்கொண்டது, சைக்கிள் டியூப் துண்டுகள் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன. அவன் எழுந்து நடந்தான். கரும்பலகை வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தான். அதோடு விடாமல் மத்தியானம் பேச்சித்தாய்க்கு அடிகுழாயில் தண்ணீர் அடித்துக் கொடுத்தான். இதயம் இல்லாமல் எப்படி இதெல்லாம் நடக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, இதயம் அடுத்த பருவத்துப் பாடம், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்வான் என்றார் தவசிமுத்து.

ஊர் இதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டது. எலும்பாக இருந்தவரைக்கும் அவன் பள்ளிக்கூடத்துச் சாமான். நடக்க ஆரம்பித்தவுடன் யாருக்காவது சொந்தமாக இருக்க வேண்டுமே. ஆனையடிப்பட்டி மழையை நம்பிய ஊர், மழை ஊரை நம்பாததால் ஆண்கள் வெளியே போய்த்தான் பிழைத்தார்கள்: கேரளத்துக்கு, பம்பாய்க்கு, லாரியில், கப்பலில். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏகப்பட்ட பேர். தெருவுக்கு நாலு வீட்டில் சட்டம் போட்ட படம் ஒன்று, மாலையும் போடாமல் பொட்டும் வைக்காமல் தொங்கும். அந்தப் படங்களெல்லாம் இப்போது ஆணியிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. குழாயடியில் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் மாரியே ஒரு காலு சாச்சு நிக்கான் பாத்தியளா," என்றான் டீக்கடை செல்லப்பா. மகனைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் பூரணத்தம்மாள், வாளி பிடிக்கும் கையைப் பார்த்தாலே தெரிகிறது, அது தான் பெற்ற கை என்றாள். தவசிமுத்துவுக்கே சாமியாராகப் போன பெரியப்பா மகன் ஒருவன் இருந்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

முகம் வந்தால் தெரிந்துவிடும், முகம் தோல் பாடத்தில் வரும் என்று ஊருக்கே தெரிந்துபோனது. பிள்ளைகள் சொல்வதுதான் வரும் என்பதும் தெரிந்துபோனது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை. முறுக்கு வாங்கிக் கொடுத்தார்கள், கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்கள், மடியில் உட்கார வைத்துக் காதில் சொன்னார்கள்: வலப்புருவத்துல வெட்டுத் தழும்பு, மறந்திராத கண்ணு. முன்பல்லுக்கு மேல உதட்டுல கறுப்பு. முழங்கையில அம்மைத் தழும்பு மூணு. பிள்ளைகள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒருவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

ரூபவதி இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாள், பெற்றவர்களைக் கூப்பிட்டுக் கண்டித்தாள், பிறகு வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு கரும்பலகையில் பாடக் குறிப்பை எழுதினாள். தோல் உடலைப் போர்த்திப் பாதுகாக்கிறது. தோல் கிருமிகளை உள்ளே விடாது. தோலில் மச்சம் இருக்கும். அது இடது காதின் கீழே, மிளகளவில் இருக்கும். கடைசி வரி புத்தகத்தில் இல்லாதது, தங்கப்பழத்தின் மச்சம். மற்றவர்கள் முறுக்குக் கொடுத்துச் செய்ததை அவள் சுண்ணாம்புக் கட்டியால் செய்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். அவளுக்கு அது தெரிந்தும் இருந்தது. படியுங்கள் என்றாள்.

எழும்பு என்று சொல்லி வந்த வினையைப் பார்த்த பிறகு, நாக்கைக் கீழே இறக்குங்கள், மடிக்காதீர்கள் என்று அவளே பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருந்தாள். ழவில் ஏறிப் பழகிய நாக்கு இறங்கத்தான் செய்தது; ஆனால் லவுக்கு வந்துசேராமல் நடுவழியில் ள என்ற இடத்தில் நின்றுவிட்டது. தோள், என்றார்கள் பிள்ளைகள், ஒரே குரலில். தோள் உடலைப் போர்த்திப் பாதுகாக்கிறது. மறுநாள் காலையில் அவனுக்குத் தோள் வந்திருந்தது. இரண்டு பக்கமும் கட்டில் அகலத்துக்கு, கதவில் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பி வர வேண்டிய அளவுக்குத் தோள். தோல் ஒரு நகமளவும் இல்லை, மச்சத்துக்கு உட்கார இடமில்லை.

ஊர் இதற்கும் ஒரு உபயோகம் கண்டுபிடித்தது. முதலில் செல்லப்பாதான் வந்தான், தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அண்ணனிடம் பேசவேண்டியதையெல்லாம் பேசினான், முகம் கழுவிக்கொண்டு கடைக்குப் போனான். பிறகு பூரணத்தம்மாள். பிறகு யாரையும் தேடாதவர்கள்கூட, சாய்ந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறதே என்று வந்தார்கள். மருமகளோடு சண்டை போட்டவர்கள், நெல் கருகியவர்கள். வேப்பமரத்தடியில் அவன் உட்கார்ந்திருப்பான், ஒரு தோளுக்கு ஒரு ஆளாக வந்து சாய்ந்துவிட்டுப் போவார்கள். அவன் விலகவில்லை. முகத்தில் வெறும் சிவந்த தசை, இமைகூட இல்லை, அவன் என்ன நினைக்கிறான் என்று யாருக்குத் தெரியும். நாக்கும் தசைதான் என்பதால் வாய்க்குள் அது அசைந்தது. ஆனால் உதடு இல்லாமல் வார்த்தை நிற்கவில்லை, காற்றாகப் போயிற்று.

ஒரு சாயங்காலம், மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, ரூபவதி வேப்பமரத்தடிக்குப் போனாள். சுற்றிலும் பார்த்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கன்னத்தை அந்தத் தோளில் வைத்தாள். எங்கே போனிய, என்று கேட்டாள். என்னதான் ஆச்சு. கோவமா இருந்தா ஒரு போனு பண்ணிச் சொல்லியிருக்கலாம்லா. தினசரி காலையில கண்ணாடி முன்னால நிக்க முடியல. சொல்லிக்கொண்டே அழுதாள், இத்தனை காலம் யார் முன்னாலும் அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. அப்போது அவள் கன்னத்துக்கடியில் தசை ஒன்று வெடுக்கென்று துடித்தது. தலையைத் தூக்கினாள். அவள் கண்ணீர் விழுந்த இடம் சுருங்கிச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கண்ணீரில் உப்பு இருக்கிறது. தோலில்லாத உடம்பில் அது எப்படி எரியும். இத்தனை நாளும் வெயில் எரிந்திருக்கும், அடிகுழாய்க் கைப்பிடி எரிந்திருக்கும், போர்த்திய வேட்டி எரிந்திருக்கும், சாய்ந்த ஒவ்வொரு தலையும் எரிந்திருக்கும்; பள்ளிக்கூடத்து ஈயெல்லாம் அவனைச் சுற்றித்தான் இருந்தது, பிள்ளைகள்தான் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. முகம் யாருடையது என்று கேட்டோமே தவிர, வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம்.

மறுநாள் அவள் வகுப்புக்கு வந்ததும் கரும்பலகையைப் பார்த்தாள். இடது காதின் கீழே, மிளகளவில். அந்த மச்சத்தை அவள் விரலால் எத்தனை தடவை தொட்டிருக்கிறாள். டஸ்டரை எடுத்து அந்த வரியை அழித்தாள். தங்கப்பழத்தைத் தன் கையாலேயே ஒருமுறை அனுப்பி வைப்பது மாதிரி இருந்தது. பிறகு பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தாள்.

"வீட்டுல யாரு என்ன சொல்லிக் குடுத்திருந்தாலும் இன்னைக்கு அத மறந்திருங்க. தழும்பு, மச்சம், ஒண்ணும் வேண்டாம்."

"முறுக்கு தின்னாச்சே டீச்சர்," என்றாள் இசக்கிச்செல்வி.

"தின்னது தின்னதா இருக்கட்டும். இவனுக்கு வலிக்கி. அதுக்கு மட்டும் பாப்போம்."

அன்றைக்கு அவள் நடத்திய மாதிரி அந்தப் பாடத்தை யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். முதலில் சொல்லையே பிரித்துக் கொடுத்தாள்: நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால், மெதுவாகத் தொட்டு விடு, ல், தோல். ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் குனிந்து பார்த்தாள். பிறகு, எல்லாரும் அவரவர் கையைத் தொட்டுப் பாருங்கள் என்றாள். ஊதிப் பாருங்கள், குளிர்கிறதா. கிள்ளிப் பாருங்கள், வலிக்கிறதா, விட்டால் பழையபடி ஆகிறதா. மழை பெய்தால் உள்ளே போகாது, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது. விழுந்து சிராய்த்தால் யார் வந்து தைக்கிறார்கள், அதுவே தன்னைத் தைத்துக்கொள்கிறது. அம்மா தொட்டால் அம்மா என்று தெரிகிறதே, எதை வைத்துத் தெரிகிறது. பிள்ளைகள் தங்கள் கையைத் தடவிக்கொண்டே சொன்னார்கள், தோல், தோல், தோல் என்று, கத்தாமல், தொட்டிலை ஆட்டுகிறவர்கள் மாதிரி.

சேதி எப்படியோ வெளியே போய்விட்டது. தோல் பாடம் நடக்கிறது என்று ஊர் முழுக்கப் பள்ளி மைதானத்தில் கூடிவிட்டது, எல்லார் கையிலும் படம். ரூபவதியின் பைக்குள்ளும் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று இருந்தது, தங்கப்பழத்தின் கட்டம் போட்ட சட்டை. வரியை அழித்தவள்தான், ஆனாலும் ஆசையை அழிக்க டஸ்டர் ஏது? தழும்பு சொல்லாவிட்டால் என்ன, உண்மையிலேயே அவனாக இருந்தால் மச்சம் தானாக வரட்டும் என்று காலையில் புறப்படும்போது மடித்து வைத்திருந்தாள்.

தோல் பாதத்தில் தொடங்கியது. கால் விரலிலிருந்து ஏறி, முழங்காலை மூடி, கட்டில் அகலத் தோள்களைத் தேவையான அளவுக்கு உள்ளே இழுத்துக் கட்டி, வேட்டிக்குள்ளே மறைந்து, கழுத்தில் வெளியே வந்தது. கையில், மணிக்கட்டுக்கு மேலே, தோசைக்கல்லில் சுட்ட தழும்பு ஒன்று வந்தது. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரூபவதி இடது காதைப் பார்த்தாள். காதுக்குக் கீழே ஒன்றுமில்லை. காது மடலில் ஓட்டை இருந்தது. பிறகு முகம் வந்தது, மூக்கின் ஓரத்தில் மூக்குத்தி போட்ட துவாரத்தோடு.

பிள்ளைகள் வாயில் தோல் நின்றுபோனது. ஜன்னலில் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள், பின்னால் நின்றவர்கள் நம்பாமல் முன்னால் வந்து பார்த்தார்கள்.

"பொம்பளையால்லா இருக்கு," என்றான் செல்லப்பா.

நாற்பது வயதிருக்கும். எந்தப் படத்திலும் இல்லாத முகம். பூரணத்தம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள், முந்தானையால் படத்தைத் துடைத்தாள், வீட்டைப் பார்த்து நடந்தாள். தவசிமுத்து கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்: "நம்ம ஊர்ல காணாமப் போன பொம்பள யாரும் உண்டுமா?" யாரும் கிடையாது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனையடிப்பட்டியில் ஆண்கள்தான் காணாமல் போவார்கள். பெண்கள் காணாமல் போவதில்லை, ஓடிப்போவார்கள். ஊரைவிட்டுப் போகிற பெண்ணுக்கு அந்தப் பேர்தான் வைத்திருந்தார்கள். ஓடிப்போனவளை யாரும் தேடுவதில்லை, தலைமுழுகிவிட்டு அவள் நிற்கிற படங்களைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அக்கம்பக்கத்து ஊர்களும் அப்படித்தான். ஆகவே அந்த மைதானத்தில் அத்தனை படங்கள் இருந்தும் ஒரு பெண் படம்கூட இல்லை. கூட்டம் கொஞ்சம் ஏமாற்றத்தோடும் கொஞ்சம் சங்கடத்தோடும் கலைந்தது, செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரூபவதி ஜன்னல்களைச் சாத்தினாள். தங்கப்பழம் இல்லை. இனி இந்த வழியாக அவன் வரப்போவதில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அதை அழுதுகொண்டிருக்க நேரமில்லாமலும் இருந்தது, ஏனென்றால் எதிரே ஒரு பெண் வேட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். முதல் முதலாகக் குளிர் தெரிகிற உடம்பு. ரூபவதி பையைத் திறந்து கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள். உதறி, அந்தப் பெண்ணின் ஒரு கையை நுழைத்து, மறு கையை நுழைத்து, முன்னால் நின்று கழுத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள். புதுத் தோலில் அவள் விரல் பட்டபோது அந்தப் பெண் துடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள், மூட அவளுக்கு இமை இருந்தது.

உதடு இரண்டும் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. வந்த பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லை, வடக்கே மதுரைப் பக்கத்துப் பேச்சு.

"யாராச்சும் என்னயத் தேடி வந்தாகளா?"

பிள்ளைகள் எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். வெளியே கடைசிச் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியது. ரூபவதி கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

"வந்திருக்கேன்," என்றாள். "நான்தான் வந்திருக்கேன்."